இன்சர்ட் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று கணினி சொல்லுமா?

நீங்கள் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. 50 மி.மீ. விட்டமுள்ள இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஷாஃப்ட்டை சிஎன்சி லேத்தில் கடைகிறீர்கள். சிஎன்எம்ஜி 120408 வகை இன்சர்ட் (கழற்றி மாற்றக்கூடிய வெட்டுத்துண்டு), நிமிஷத்துக்கு 180 மீட்டர் வேகம், சுற்றுக்கு 0.25 மி.மீ. ஃபீடு (இன்சர்ட் முன்னேறும் தூரம்), 2 மி.மீ. ஆழம். ஒரு பீஸில் 100 மி.மீ. நீளம் வெட்டு. 40 பீஸுக்கு ஒருமுறை எட்ஜ் (இன்சர்ட்டின் வெட்டு விளிம்பு) மாற்றுகிறீர்கள். கழற்றிப் பார்த்தால் சில எட்ஜ் இன்னும் ஓடும் போலிருக்கிறது, சில 30 பீஸிலேயே போய்விடுகிறது. சிமுலேஷன் மென்பொருள் ஒன்று வாங்கி ஆயுளை முன்கூட்டியே கணக்கிட்டு, 40-ஐ 55 ஆக்க முடியுமா? வாங்குவதென்றால் டிஃபார்ம், அட்வான்டெட்ஜ், அபாகஸ் மூன்றில் எது?

கணக்கிட முடியும். ஆனால் அந்த மென்பொருள் எதைக் கணக்கிடுகிறது என்பது தெரியாமல் வாங்கினால் காசு வீண். அது தேய்மானத்தைக் கணக்கிடுவதில்லை. சிப் (வெட்டும்போது உரிந்து வரும் சீவல்) உருவாகும் இடத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், என்ன வேகத்தில் உலோகம் வழுக்கிப் போகிறது என்ற மூன்றைத்தான் கணக்கிடுகிறது. அந்த மூன்றையும் ஒரு தேய்மானச் சமன்பாட்டில் போட்டால் எண் வருகிறது. அந்தச் சமன்பாட்டின் மாறிலிகள் கணினியிலிருந்து வருவதில்லை, யாரோ எங்கேயோ லேத்தில் ஓட்டி, மைக்ராஸ்கோப்பில் அளந்து எடுத்தவை. அது உங்கள் இன்சர்ட்டும் நீங்கள் கடையும் எஃகுக் கம்பியும் இல்லையென்றால் பதில் உங்களுடையது அல்ல. கீழே எழுதப்போவது முழுக்க இதன் விரிவுதான்.

முதலில் எது தேய்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய எட்ஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டப்பட்ட பரப்போடு உரசும் பக்கத்தில், முனையை ஒட்டி, பளபளவென்று ஒரு பட்டை தெரியும். அது ஃப்ளாங்க் தேய்மானம். கடைசல் கருவிகளின் ஆயுள் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3685 தரம் சொல்லும் வரம்பு, பட்டை சீராக இருந்தால் சராசரி அகலம் 0.3 மி.மீ., தாறுமாறாக இருந்தால் அதிகபட்சம் 0.6 மி.மீ. இப்போது இன்சர்ட்டின் மேல்முகத்தைப் பாருங்கள், சிப் ஓடிப்போகும் பக்கம். அங்கே முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு குழி இருக்கும். இது கிரேட்டர். குழி முனையிலேயே விழாமல் தள்ளி விழுவதற்குக் காரணம் உண்டு. சிப் இன்சர்ட்டின் மேல் உரசிக்கொண்டே போகும்போது சூடு ஏறிக்கொண்டே போகிறது, உச்ச வெப்பம் அந்தத் தள்ளிய இடத்தில்தான். அங்கே இன்சர்ட்டின் பொருளான கார்பைடில் உள்ள கார்பனும் கோபால்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எஃகுக்குள் கரைந்து போய்விடுகின்றன. குழி ஆழத்துக்கும் வரம்பு உண்டு: 0.06 மி.மீ.யோடு ஃபீடின் 0.3 மடங்கைக் கூட்டுங்கள். உங்கள் 0.25 ஃபீடுக்கு 0.135 மி.மீ.

கணினி வருவதற்கு வெகு முன்பே இந்தக் கணக்கு தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் மிட்வேல் எஃகு ஆலையில் 1880-இல் வெட்டுச் சோதனைகளை ஆரம்பித்து, 26 ஆண்டு நடத்தி, 1906-இல் முடிவுகளைச் சொன்னார். அதற்காக அவர் வெட்டிச் சிப்பாக்கிய இரும்பும் எஃகும் 8 லட்சம் பவுண்டு, ஏறக்குறைய 360 டன். கிடைத்தது ஒற்றை வரிச் சூத்திரம்: வேகத்தையும், ஆயுளின் ஓர் அடுக்கையும் பெருக்கினால் மாறிலி. கார்பைடுக்கு அந்த அடுக்கைக் கையேடுகள் 0.25 என்று போடுவார்கள். அதாவது வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் பாதிக்கும் கீழே போகும்.

இதை உங்கள் வேலைக்கே போட்டுப் பார்க்கலாம். 180 மீட்டர் வேகத்தில் ஒரு பீஸுக்கு வெட்டு நேரம் சுமார் 21 விநாடி. 40 பீஸ் என்றால் 14 நிமிஷம். வேகத்தை 160 ஆக்கினால் டெய்லர் கணக்குப்படி ஆயுள் 22 நிமிஷத்தைத் தாண்டும், பீஸுக்கு வெட்டு நேரம் 23.6 விநாடி ஆகும். எட்ஜுக்கு 57 பீஸ்! நீங்கள் கேட்ட 55 அங்கேயே வந்துவிட்டது, பீஸுக்கு இரண்டரை விநாடி விலையில். மென்பொருள் வாங்குவதற்கு முன்பு, இரண்டு மூன்று வேகங்களில் ஓட்டி உங்கள் இன்சர்ட்டுக்கு அந்த அடுக்கு உண்மையில் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். கடைகிற பொருளும் இன்சர்ட்டும் மாறாத பட்டறையில் டெய்லரை விடச் சிக்கனமான வழி கிடையாது.

சரி, அப்படியானால் சிமுலேஷன் எதற்கு? டெய்லருக்கு வேகமும் நிமிஷமும் மட்டும்தான் தெரியும். எட்ஜில் ஹோனிங்கை (விளிம்பை லேசாக உருட்டி மழுக்குவதை) மாற்றினால் என்ன ஆகும், சிப்பை உடைக்கும் சிப் பிரேக்கர் வடிவத்தை மாற்றினால் என்ன ஆகும், குழி எங்கே விழும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அதற்கு உள்ளே நடக்கும் பௌதிகம் வேண்டும்.

ஜப்பானில் எய்ஜி உசுயியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1978-இல் கொடுத்த சமன்பாடு இந்த இடத்தில்தான் வருகிறது. வாயால் சொல்லிவிடலாம்: ஒரு புள்ளியில் தேய்மான வேகம் என்பது அங்கே உள்ள அழுத்தம், வழுக்கும் வேகம், வெப்பநிலையின் அடுக்குக்குறிச் சார்பு ஒன்று, இவற்றோடு ஒரு மாறிலியைப் பெருக்கியது. வெப்பநிலைச் சார்புக்குள் இன்னொரு மாறிலி. ஆக மாறிலிகள் இரண்டே இரண்டு. கார்பன் எஃகைக் கோட்டிங் இல்லாத கார்பைடால் வெட்டும்போது, 1150 கெல்வினுக்கு மேல் இவை 0.01198, 21,950 என்றும், அதற்குக் கீழே முதல் மாறிலி நூறு கோடியில் 7.8 பங்கு, இரண்டாவது 5,302 என்றும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. இரண்டு ஜோடி இருப்பதற்குக் காரணம், சூடு குறைவாக இருக்கும்போது சுரண்டல் தேய்மானம் மேலோங்கியிருக்கும், 1150-ஐத் தாண்டியதும் கரைதல் மேலே வந்துவிடும்.

இந்த எண்களை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் மண்டையில் ஏறும். உங்கள் சிப் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தால், 0.25 ஃபீடுக்குச் சுமார் 0.55 மி.மீ. வரும் என்று வைத்துக்கொள்வோம். 2.2 மடங்கு தடித்திருக்கிறது, அப்படியானால் அத்தனை மடங்கு மெதுவாகத்தான் போகும். விநாடிக்கு 3 மீட்டரில் வெட்டுகிறோம், சிப் ஏறக்குறைய 1.3 மீட்டரில் வழுக்குகிறது. அழுத்தத்துக்கு முழு எண்ணாக 1000 மெகாபாஸ்கல். வெப்பநிலை 1200 கெல்வின், அதாவது 927 டிகிரி செல்சியஸ். பெருக்கினால் குழி நிமிஷத்துக்கு 10 அல்லது 11 மைக்ரான் ஆழமாகிறது. 0.135 மி.மீ. வரம்பைத் தொட 12, 13 நிமிஷம்.

இப்போது வெப்பநிலையை மட்டும் 50 டிகிரி ஏற்றி 1250 கெல்வின் ஆக்குங்கள். நிமிஷத்துக்கு 22 மைக்ரான். ஆயுள் 6 நிமிஷம்!

50 டிகிரி பிழை, ஆயுள் பாதி. அழுத்தத்தில் 10 சதவீதம் தவறினால் விடையிலும் 10 சதவீதம்தான் தவறும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெப்பநிலையில் தவறினால் கணக்கே கவிழ்ந்துவிடும். 1150-க்குக் கீழே இவ்வளவு கொடுமை இல்லை, 1000 கெல்வினிலிருந்து 1050-க்குப் போனால் தேய்மானம் 29 சதவீதம்தான் கூடும். ஆனால் கார்பைடை உழைக்க வைக்கும் வேகங்களில் நாம் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டித்தான் ஓட்டுகிறோம். அதனால் தேய்மான சிமுலேஷன் என்றால் என்னைப் பொறுத்தவரை அது வெப்பநிலை சிமுலேஷன். யாராவது வண்ணப் படம் காட்டி ஆயுள் இத்தனை நிமிஷம் என்றால், வெப்பநிலையை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

அந்த வெப்பநிலை ஏன் இவ்வளவு எளிதில் தவறுகிறது? இதில் நேரத்தின் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஃபைனைட் எலிமென்ட் முறையில் வெட்டும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். எட்ஜின் ஆரமே சில பத்து மைக்ரான்தான் என்பதால் அங்கே கட்டம் 10 மைக்ரான் அளவுக்காவது நுணுக்கமாக இருக்க வேண்டும். எக்ஸ்ப்ளிசிட் முறையில், அதாவது நேரத்தைச் சின்னப் படிகளாக வெட்டி ஒவ்வொன்றையும் முந்தைய படியிலிருந்து நேராகக் கணக்கிட்டு ஓட்டும்போது, ஒலி ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தை விட ஒரு படி பெரிதாக இருக்கக் கூடாது. எஃகில் ஒலி விநாடிக்கு 5000 மீட்டர் போகிறது. ஆக ஒரு படி என்பது விநாடியில் நூறு கோடியில் இரண்டு பங்கு. 2 மில்லிவிநாடி வெட்ட 10 லட்சம் படிகள், அதில் லேத் 6 மி.மீ. தூரம்தான் நகர்ந்திருக்கும். இன்சர்ட்டின் 15 நிமிஷ ஆயுளை நேராக ஓட்டிப் பார்க்க 45,000 கோடி படிகள் வேண்டும். எந்தக் கணினியும் அதைச் செய்து முடிக்காது. ஒவ்வொரு படியிலும் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறையில் படிகள் பெரிதாக இருக்கும், ஆனால் அதிலும் 15 நிமிஷம் என்பது நடக்கிற காரியமில்லை.

அதனால் எல்லோரும் தாவித் தாவித்தான் போகிறார்கள். சில மில்லிவிநாடி வெட்டி, விசைகள் நிலைக்கு வந்ததும் நிறுத்துவார்கள். அந்த விநாடியில் எட்ஜ் மேல் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் தேய்மான வேகத்தைக் கணக்கிட்டு, அடுத்த அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ அதே வேகத்தில் தேயும் என்று வைத்து, புள்ளிகளை உள்ளே நகர்த்தி, தேய்ந்த வடிவத்தை வரைவார்கள். அந்த வடிவத்தோடு மறுபடி சில மில்லிவிநாடி வெட்டுவார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தய்லான் அல்தானின் குழு 2004-இல் இப்படி ஒரு முறையை வெளியிட்டது, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அதே வழியில் வேலை நடந்தது. இதன் அழகு என்னவென்றால், ஃப்ளாங்க் பட்டை அகலமாக ஆக உரசல் கூடும், உரசல் கூடச் சூடு கூடும், சூடு கூடத் தேய்மானம் கூடும். கடைசி சில நிமிஷத்தில் எட்ஜ் சட்டென்று சரிவதை நீங்கள் மெஷினில் பார்த்திருப்பீர்கள். டெய்லர் சூத்திரத்துக்கு அது தெரியாது. வடிவத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகும் சிமுலேஷனில் அது தானாகவே வெளிப்படும்.

ஆனால் இந்தத் தாவலில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். விசைகள் ஒரு மில்லிவிநாடியிலேயே நிலைக்கு வந்துவிடும், இன்சர்ட்டின் சூடு அப்படி வராது. நிஜத்தில் அதற்குச் சில விநாடிகள் ஆகும். சிமுலேஷன் துறைக்கு வந்த புதிதில், கோட்டிங் இல்லாத இன்சர்ட் ஒன்றுக்கு 3 மில்லிவிநாடி ஓட்டி, திரையில் தெரிந்த 780 டிகிரியை அப்படியே உசுயி சமன்பாட்டில் போட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று வந்தது. நம்பிச் சொல்லிவிட்டேன். பட்டறையில் 12-ஆம் நிமிஷம் குழி முனையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது, ஷாஃப்ட்டும் கெட்டது. ஆபரேட்டர் அந்த இன்சர்ட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த இன்சர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன். திரும்ப உட்கார்ந்து, இன்சர்ட்டைத் தனியாக எடுத்து, உள்ளே வரும் வெப்பத்தை வைத்து நிலையான வெப்பநிலை வரும்வரை வெப்பக் கணக்கை மட்டும் ஓட்டினேன். 930-ஐ ஒட்டி வந்தது. அதே சமன்பாடு, அதே மாறிலிகள், இந்த முறை 12 நிமிஷத்தைச் சொன்னது. வெப்பத்தை நிலைக்குக் கொண்டுவர வேறு குறுக்கு வழிகளும் உண்டு. சிப்புக்கும் இன்சர்ட்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும் எண்ணைச் செயற்கையாக உயர்த்துவார்கள், அல்லது இன்சர்ட்டின் வெப்பக் கொள்ளளவைச் செயற்கையாகக் குறைப்பார்கள். எதைச் செய்தாலும் சரி, செய்யாமல் மட்டும் விடாதீர்கள். மென்பொருள் கேட்காது, எச்சரிக்கவும் செய்யாது.

பொருளின் குணத்துக்கு வருவோம். பெரும்பாலான மென்பொருள்கள் உலோகம் நசுங்கும்போது எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்று சொல்ல ஜான்சன், குக் இருவரும் 1983-இல் கொடுத்த சமன்பாட்டைப் பயன்படுத்துகின்றன. ஐந்து மாறிலிகள். இஎன்8-க்கு நெருங்கிய உறவான ஏஐஎஸ்ஐ 1045 எஃகுக்கு 553, 601, 0.234, 0.0134, 1 என்ற தொகுதி பிரபலம். இவற்றைச் சோதனைக்கூடத்தில் எடுக்கும்போது உலோகம் விநாடிக்குச் சில ஆயிரம் என்ற உருமாற்ற விகிதத்தில்தான் நசுக்கப்படுகிறது. வெட்டும் இடத்தில் அந்த விகிதம் பல பத்தாயிரத்திலிருந்து பத்து லட்சம் வரை போகும். அளந்த எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டித்தான் வெட்டுகிறோம். உராய்வு இன்னும் மோசம். முனையை ஒட்டிய பகுதியில் சிப் வழுக்குவதே இல்லை, ஒட்டிக்கொண்டு உள்ளுக்குள் கிழிபடுகிறது, தள்ளிப் போனால்தான் வழுக்கல். அங்கே 0.5 என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டு நகர்வது ஆபத்து.

நல்லவேளை, இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சிப் தடிமனை அளந்து சிமுலேஷன் காட்டும் தடிமனோடு ஒப்பிடுங்கள். உராய்வு எண் தவறாக இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அப்புறம் விசை. உங்கள் வெட்டில் சிப்பின் குறுக்குப் பரப்பு 0.5 சதுர மி.மீ., இந்த எஃகுக்குச் சதுர மி.மீ.க்குச் சுமார் 2200 நியூட்டன் என்று எடுத்தால் 1100 நியூட்டன், அதை 3 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் 3.3 கிலோவாட். மெஷின் திரையில் ஸ்பிண்டில் லோடு காட்டுகிறதே, சும்மா ஓடும்போது உள்ளதைக் கழித்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சிப் தடிமனும் விசையும் பொருந்திவிட்டால் உருவாகும் மொத்த வெப்பமும் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் வெட்டச் செலவாகும் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் மாறுகிறது. இந்த இரண்டும் பொருந்தாத மாதிரியை வைத்துத் தேய்மானம் பேசுவது உப்புக்கும் பெறாது.

உங்கள் இன்சர்ட்டில் கோட்டிங் இருக்கும் என்று நினைக்கிறேன், எஃகுக்கான இன்சர்ட் இன்று பெரும்பாலும் கோட்டிங்கோடுதான் வருகிறது. மேலே போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது. அலுமினியம் ஆக்சைடு அடுக்கு எஃகில் கரைவது மிகமிகக் குறைவு, அதனால் குழி மெதுவாகத்தான் விழும். பிரச்சினை, அந்த அடுக்கு சில மைக்ரான்தான். அது இருக்கும்வரை ஒரு ஜோடி மாறிலி, ஓட்டை விழுந்ததும் வேறு ஜோடி. கையேட்டு எண்ணை இங்கே போடவே கூடாது. உங்கள் இன்சர்ட்டில் நீங்களே எடுக்க வேண்டும்: இரண்டு வேகம், இரண்டு ஃபீடு, ஒவ்வொன்றிலும் புது எட்ஜ். 3 நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஃப்ளாங்க் பட்டையை மைக்ராஸ்கோப்பில் அளந்து எழுதுங்கள். பிறகு அதே நான்கு நிலைகளையும் சிமுலேஷனில் ஓட்டி, அளந்த தேய்மானத்துக்குப் பொருந்தும்படி இரண்டு மாறிலிகளைத் தேடுங்கள். ஐந்தாவது நிலை ஒன்றைச் சோதனைக்கென்று தனியே வையுங்கள், பொருத்தும்போது அதைத் தொடாதீர்கள். அதில் கணிப்பு 20 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல வேலை என்பேன்.

அடுத்தது உங்கள் கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் விஷயம். சில எட்ஜ் 40 பீஸுக்குப் பிறகும் நன்றாக இருக்கிறது, சில 30-லேயே போகிறது என்கிறீர்களே, அது படிப்படியான தேய்மானம் போலவே தெரியவில்லை. அது எட்ஜ் சிதைவது, சில்லு பெயர்வது, அல்லது கம்பிக்குக் கம்பி கடினம் மாறுவது. உசுயி சமன்பாட்டில் இவை எதுவும் இல்லை. கறுப்புக் கம்பியின் மேல்தோல் வெட்டு ஆழத்தின் எல்லையில் இன்சர்ட்டில் ஒரு வெட்டுக்குழி போடும், வேகம் குறைந்தால் முனையில் உலோகம் அப்பிக்கொண்டு பிய்ந்து போகும்போது கார்பைடையும் பிடுங்கிக்கொண்டு போகும், கூலன்ட் விட்டு விட்டு விழுந்தால் எட்ஜுக்குக் குறுக்கே சீப்புப் பல் மாதிரி விரிசல் வரும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் மென்பொருள் இதைச் சொல்லாது, ஏனென்றால் அதற்குக் கொடுத்த எஃகு ஒவ்வொரு மி.மீ.யிலும் ஒரே மாதிரி இருக்கிறது.

டிஃபார்ம், அட்வான்டெட்ஜ், அபாகஸ் மூன்றில் எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிஃபார்மில் உசுயி சமன்பாடு உள்ளேயே இருக்கிறது, கட்டங்களைத் தானே மறுபடி பின்னிக்கொள்ளும், தொடங்குபவருக்கு ஏற்றது. அட்வான்டெட்ஜ் உலோக வெட்டுக்கென்றே செய்தது. அபாகஸில் தேய்மானக் கணக்கை நீங்களே எழுத வேண்டும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கும். டைட்டானியம், இன்கோனல் போன்ற விலை உயர்ந்த உலோகத்தை வெட்டும் இடமாக இருந்தால், ஒவ்வொரு சோதனைக்கும் பொருளும் இன்சர்ட்டும் தண்டமாகும் என்பதால், இவற்றில் ஒன்று சீக்கிரமே தன் விலையை ஈட்டிவிடும். அங்கேகூட நான் கேட்பது நிமிஷக் கணக்கை அல்ல, இந்த எட்ஜ் வடிவமா அந்த எட்ஜ் வடிவமா என்ற ஒப்பீட்டை. இரண்டு கணக்கிலும் ஒரே பிழை இருக்கும்போது, எது நல்லது என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

உங்கள் இஎன்8 ஷாஃப்ட்டுக்கு இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இந்த வாரத்திலிருந்து கழற்றும் எட்ஜ்களைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேருங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பீஸ் ஓடியது, எந்த லாட் கம்பி என்று மார்க்கரால் எழுதி. 30 சேர்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் படம் எடுங்கள். சீக்கிரம் போனவற்றில் சீரான பட்டை இருந்தால் டெய்லர் சோதனைக்குப் போங்கள், 160-இல் ஒன்று, 200-இல் ஒன்று. சில்லு பெயர்ந்திருந்தால் இன்சர்ட்டை விட்டுவிட்டு, கம்பியின் கடினத்தையும் டூல் ஹோல்டர் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதையும் முதலில் பாருங்கள். படங்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.